கரிந்த பிளக் பாயிண்ட்டும் கண்டுகொள்ளாத நாமும்

கீசர் பாயிண்ட்டின் வலது துளையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். அந்த இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் இளகி, லேசாக உள்வாங்கியிருக்கும். நம் வீட்டில் இல்லாவிட்டால் அக்கா வீட்டில், அங்கும் இல்லாவிட்டால் வாடகைக்குப் பார்க்கப் போன வீட்டில் இதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்தோம், விட்டுவிட்டோம். பிளக்கைச் சொருகும்போது சடசடத்தால் கொஞ்சம் சாய்த்து வைத்தோம். சத்தம் அடங்கியதும் வேலையைப் பார்க்கப் போனோம். ஊரிலிருந்து வந்த சித்திக்குக்கூடச் சொல்லிக் கொடுத்தோம்: “லேசா இடது பக்கம் அழுத்தி வச்சாத்தான் சித்தி கரண்ட் வரும்.”

அறிகுறி எதுவும் இல்லாமல் இது நடக்கவில்லை. கரிந்த வாடை வந்தது. பிளக், சாக்கெட் பிளாஸ்டிக் அதிகமாகச் சூடேறினால் சில சமயம் மீன் கவிச்சி போன்ற நாற்றம் வரும். அது வந்தபோது பக்கத்து வீட்டில் மீன் குழம்பு என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினோம். சுவிட்சைப் போட்டதும் லைட் ஒரு கணம் சிமிட்டியது, வோல்டேஜ் சரியில்லை என்றோம். “எம்.சி.பி. இருக்கே, ஏதாவது ஆனா தானா விழுந்துடும்” என்ற தைரியம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அந்தத் தைரியம் எவ்வளவு சரி என்று நாம் யாரிடமும் கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டின் பின்னால் வயரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்து, அந்த இணைப்பில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் அங்கே உண்டாகும் வெப்பம் கிடைக்கும். சுமார் 38 வாட். டிவி ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அதைவிட அதிகமான வெப்பம் கட்டைவிரல் நுனியளவு இடத்தில், சுவருக்குள் அடைபட்ட பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. கீசருக்குக் குறைவது நான்கு வோல்ட்தான், தண்ணீர் வழக்கம்போலச் சுடும். எம்.சி.பி. வழியாக ஓடுவது அதே எட்டுச் சொச்சம் ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ அதில் காரணமே இல்லை. அது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் விழுவதற்காகச் செய்யப்பட்டது. ஆர்.சி.சி.பி. இருந்தாலும் அதே கதைதான். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் எர்த்துக்கோ மனித உடம்பு வழியாகவோ கசிந்தால்தான் அது துண்டிக்கும். இங்கே கசிவே இல்லை, போன கரண்ட் முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது.

இந்தச் சூடு தானாகவும் ஆறுவதில்லை. சாக்கெட்டுக்குள் பிளக்கின் பின்னைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைத் தகடு சூட்டில் இறுக்கத்தை இழக்கிறது. பிடி தளர்ந்தால் தடை கூடுகிறது, தடை கூடினால் சூடு கூடுகிறது. செம்பின் மேல் கறுப்புப் படலம் ஏறி இணைப்பை இன்னும் கெடுக்கிறது. சாதாரண பி.வி.சி. வயரின் உறை 70 டிகிரி செல்சியஸுக்கு உட்பட்டு வேலை செய்யத்தான் தயாரிக்கப்படுகிறது. அதைத் தாண்டித் தாண்டிச் சூடானால் விறைத்து, விண்டு, செதில் செதிலாக உதிரும். கரிந்துபோன பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தவும் தொடங்கும். அப்போதுதான் ஷார்ட் ஆகும். எம்.சி.பி. விழும் நேரம் அது, நெருப்பு பிடித்திருக்கக்கூடிய நேரமும் அதுதான். பழுப்பு வளையத்துக்கும் அந்த நேரத்துக்கும் நடுவில் வாரங்கள், சில வீடுகளில் மாதங்கள் இருந்தன. அவ்வளவு காலமும் அந்த பாயிண்ட் நம் கண்ணெதிரேதான் இருந்தது.

இதில் வீட்டின் வயதுக்கும் பங்குண்டு. ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன், ஒரு ரேடியோ என்று கணக்குப் போட்டு வயரிங் செய்த வீடுகளில்தான் நம்மில் பலர் வளர்ந்தோம். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த கலர் டிவி வந்தது. 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், ஃபேன் வந்தன. அப்புறம் நாமே ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு, தவணையில் ஏ.சி. என்று வாங்கினோம். வந்த ஒவ்வொன்றுக்கும் சந்தோஷப்பட்டோம், அதில் தப்பில்லை. சுவருக்குள் ஓடும் வயர் மட்டும் அதேதான். பல பழைய வீடுகளில் அது அலுமினிய வயர். அலுமினியம் மென்மையான உலோகம், ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளாவட்டத்தில் நசுங்கி விலகும், இணைப்பு தளரும். 6 ஆம்ப்ஸ் பாயிண்ட்டில் அதிகபட்சம் 1380 வாட்தான் ஓடலாம். அதில் கன்வெர்ட்டர் மாட்டி 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்தோம். ஒரே பாயிண்ட்டில் மல்டி பிளக், அதில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ், அதில் ஃபிரிட்ஜும் மிக்சியும் ஓடின.

பந்தல் போட்ட வீட்டில் செய்ததை நினைத்தால் இன்னும் கூசுகிறது. பிளக் டாப் இல்லையென்று வயரின் நுனியைச் சீவி, செம்பை நேராகத் துளைக்குள் விட்டு, தீக்குச்சியைச் செருகி இறுக்கினோம். சீரியல் செட் எரிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். பழைய ஃபியூஸ் கட்டையில் ஃபியூஸ் வயர் அடிக்கடி போகிறதென்று செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டினோம். அடிக்கடி போனது நம்மைக் காப்பாற்றத்தான் என்று தெரிந்தவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார், அவரும் வாயைத் திறக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு மீட்டர் பாக்ஸுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். வருடம் ஒருமுறை அந்தப் போர்டைக் கழற்றி ஸ்க்ரூக்களை இறுக்க ஆள் கூப்பிட வேண்டும் என்று நமக்குத் தோன்றியதில்லை. கூப்பிட்டாலும் யாரை? மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற வயர்மேன் நம் பகுதியில் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? குழாய் ரிப்பேருக்கு வந்தவரிடமே “இதையும் கொஞ்சம் பாத்துடுங்கண்ணே” என்றோம். அவர் டேப்பைச் சுற்றிவிட்டுப் போனார். ஐம்பது ரூபாய் மிச்சம் என்று நிம்மதியாக இருந்தோம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களின் கதை தனி. ஓனரிடம் சொன்னால் “நீங்கதானே யூஸ் பண்றீங்க” என்பார் என்று பயந்து சொல்லாமல் விட்டோம். நாமே ஓனராக இருந்தபோது, குடித்தனக்காரர் சொன்னதை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளினோம். சுவருக்குள் இருக்கும் வயரும் சாக்கெட்டும் வீட்டோடு சேர்ந்தவை. அவற்றைச் சரிசெய்வது ஓனர் பொறுப்பு, அதை உடனே சொல்வது குடியிருப்பவர் பொறுப்பு. இதில் இழுபறி செய்ய எதுவுமில்லை. புது சாக்கெட்டின் விலை சில நூறு ரூபாய்க்குள்தான். பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போவது பெரும்பாலும் அம்மாவும் பாட்டியும் கைக்குழந்தையும்.

கரிந்த பாயிண்ட்டைப் பார்த்தால் முதலில், எம்.சி.பி.க்கள் இருக்கும் டி.பி. பாக்ஸில் அதற்குரியதை இறக்க வேண்டும். எது என்று தெரியாவிட்டால் மெயினையே அணைக்கலாம். சாக்கெட்டுக்குப் பக்கத்துச் சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. தப்பாக வயரிங் செய்த போர்டுகளில் அது பேஸை விட்டுவிட்டு நியூட்ரலைத் துண்டிக்கும், சுவிட்ச் ஆஃப் என்றாலும் உள்ளே கரண்ட் இருக்கும். சூடாக இருக்கும் பிளக்கை அவசரப்பட்டுப் பிடுங்கவும் கூடாது, சப்ளையை நிறுத்தி ஆறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். புகையோ தீயோ வந்துவிட்டால் தண்ணீர் கூடவே கூடாது. கைக்கெட்டினால் மெயினை அணைத்துவிட்டு உலர்ந்த மணலையோ, மின்தீக்கு ஏற்ற பவுடர் அணைப்பானையோ பயன்படுத்தலாம். எட்டவில்லை என்றால் எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு வந்து 101-க்கோ 112-க்கோ அழைக்க வேண்டும்.

தீ இல்லாத வழக்கமான நிலையில் சப்ளையை நிறுத்தியதோடு நம் வேலை முடிந்தது. துளைகளின் மேல் டேப் ஒட்டி, வயர்மேன் வரும்வரை எம்.சி.பி.யை யாரும் ஏற்றாதபடி வீட்டில் சொல்லிவைத்தால் போதும். அவர் வந்ததும் பக்கத்தில் நிற்க வேண்டும், கேட்க வேண்டும். நல்ல வயர்மேன் முதலில் தன் டெஸ்டரைக் கரண்ட் உள்ள வேறு பாயிண்ட்டில் வைத்து அது எரிகிறதா என்று பார்ப்பார், பிறகுதான் இதில் வைப்பார். சாக்கெட்டின் முகப்புத் தகட்டைக் கழற்றியதும் வயரைப் பாருங்கள். சிவப்பு உறை கறுத்து, வளைத்தால் முறிகிற நிலையில் இருந்தால், பளபளக்கும் செம்பும் மெத்தென்ற உறையும் வரும் இடம்வரை வெட்டிவிட வேண்டும். மிச்சம் நீளம் போதவில்லை என்றால் டி.பி.யிலிருந்து புது வயர் இழுப்பதுதான் முறை, ஒட்டுப் போட்டுச் சமாளிக்கச் சொல்லக் கூடாது. கீசருக்கு 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டும் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் வேண்டும், தொலைவு அதிகமென்றால் 4.

பழைய பிளக் டாப்பையும் அன்றே தூக்கிப் போட வேண்டும். நாம் இதை மட்டும் தவறாமல் மறக்கிறோம். சாக்கெட்டில் கரிந்த பக்கம் எதுவோ, பிளக்கில் அந்தப் பின்னும் கறுத்துக் குழிவிழுந்திருக்கும். அதைப் புது சாக்கெட்டில் சொருகினால் சில மாதத்தில் அதே பழுப்பு வளையம் திரும்பவும் வரும், “இப்ப வர்ற சாமானெல்லாம் டூப்ளிகேட்” என்று கம்பெனியைத் திட்டுவோம்.

மாற்றியபின் கீசரை அரை மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, புறங்கையை முகப்புத் தகட்டின் மேலும் பிளக்கின் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். லேசான வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் வயர்மேன் தெருமுனை தாண்டுவதற்குள் திரும்பக் கூப்பிட வேண்டும். அவர் அங்கே இருக்கும்போதே சமையலறை பாயிண்ட்டையும் வாஷிங் மெஷின் பாயிண்ட்டையும் கழற்றிக் காட்டச் சொல்லலாம்.