பந்தலுக்கு மானியம் மட்டும் போதாது

பாகல், பீர்க்கு, புடலைக்குக் கல்தூண் பந்தல் போட அரசு மானியம் தருகிறது. அந்தப் பந்தலில் ஏறிய கொடிக்கு நோய் வந்தால் விவசாயி போய் நிற்பது மருந்துக் கடையில்தான். இலையில் நரம்புகளுக்கிடையே மஞ்சள் புள்ளி விழுந்து அடியில் சாம்பல் படர்ந்தால் அது அடிச்சாம்பல் நோய்; மேலே மாவு தூவியதுபோல் வெளுத்தால் சாம்பல் நோய். முன்னதற்கு இலையில் ஈரம் நிற்க வேண்டும், பின்னதற்கு அது தேவையில்லை. அடிச்சாம்பலைப் பழக்கத்தால் பூஞ்சை என்கிறோம். உயிரியல் அதைப் பாசி இனங்களுக்கு அருகில் வைக்கிறது. அதனால்தான் சாம்பல் நோய்க்கு அடிக்கும் கார்பென்டாசிம் அதை அசைப்பதே இல்லை. இந்த வேறுபாட்டைக் கடை வாசலில் யார் விசாரிக்கிறார்கள்?

மருந்தே கூடாது என்பதல்ல நம் வாதம். முறைப்படி அடித்தாலும் கணக்கு உதைக்கிறது என்பதுதான். அடிச்சாம்பலுக்கு மேங்கோசெப் அல்லது குளோரோதலோனிலைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளிக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். பாகலையோ சில நாள்களுக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும், விட்டால் பழுத்துவிடும். பீர்க்கு நாராகிவிடும். மருந்தடித்தபின் காத்திருந்தால் காய் வீண், காத்திருக்காவிட்டால் மருந்தோடு சந்தைக்குப் போகும். வரம்பு தனியாக வகுக்கப்படாத மருந்து கிலோவுக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. விதியும் கொடியும் இப்படி மோதும் இடத்தில் விவசாயியை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. நோய் முற்றியபின் அடிக்கும் வழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு வேண்டும்: எதிர்ப்புள்ள ரகம், முன்னெச்சரிக்கை.

ரகம் நிலைக்காது என்பார்கள். உண்மைதான், இந்திய முலாம்பழத்தின் எதிர்ப்புத் திறனைக் கொண்டு கலிபோர்னியாவில் 1936இல் வெளியான ரகத்தை இரண்டே ஆண்டில் சாம்பல் நோயின் புதிய இனம் வீழ்த்தியது. ஆனால் இந்திய வெள்ளரியிலிருந்து அமெரிக்கர்கள் எடுத்த அடிச்சாம்பல் எதிர்ப்பு 2004 வரை பல பத்தாண்டுகள் நின்றது. மருந்து மட்டும் நிலைக்கிறதா? மெட்டலாக்சில் சந்தைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே இஸ்ரேலில் வெள்ளரி அடிச்சாம்பல் அதற்கு மசியாமல் போனது. நம் மண்ணின் விதை பிற நாட்டு வயல்களைக் காத்திருக்க, நாம் ஒரு ரகத்தோடு ஓய்ந்துவிடாமல் தொடர்ந்து இனவிருத்தி செய்யாதது ஏன்?

முன்னெச்சரிக்கைக்குச் செலவாகும் என்பது அடுத்த தடை. வட்டாரந்தோறும் தானியங்கி வானிலை நிலையங்களை வேளாண் பல்கலைக்கழகம் முன்பே நிறுவியிருக்கிறது. கூடுதலாகத் தேவைப்படுவது மருந்தடிக்காத சில கண்காணிப்புப் பாத்திகளும், நோய் தலைகாட்டியதும் கைபேசிக்குச் செய்தி அனுப்ப ஓர் அலுவலரும். வெள்ளரியின் எதிர்ப்பு 2004இல் தோற்றபின் அமெரிக்கா இத்தகைய பாத்திகளைத்தான் நம்பியது. அங்கே வடபகுதியில் பனிக்காலம் கொடியோடு நோயையும் அழித்துவிடும். இங்கே ஆண்டு முழுக்க எங்காவது ஒரு கொடி பச்சையாக இருக்கும். உயிருள்ள கொடியில் மட்டுமே வாழும் இந்நோய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காற்றில் வந்துகொண்டே இருக்கும். தனி விவசாயி வேலி போட்டுத் தடுக்கக்கூடியதல்ல இது. பந்தல் மானிய ஒதுக்கீட்டிலேயே இதற்கொரு பங்கை ஒதுக்கி, பந்தல் சாகுபடி மிகுந்த வட்டாரங்களில் வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தோட்டக்கலைத் துறை தொடங்கட்டும்.