கத்தாதவரை முதலில் பார்

விபத்து நடந்த இடத்தில் 108 வண்டி வந்து நின்றால் அதிலிருந்து இறங்குபவர்கள் இரண்டே பேர். ஒருவர் வண்டி ஓட்டுபவர், பைலட் என்பார்கள். இன்னொருவர் மருத்துவ உதவியாளர்; இ.எம்.டி. என்றால்தான் துறையில் தெரியும். சுற்றி ஐம்பது பேர் நிற்பார்கள், ஆளுக்கொரு யோசனையோடு. தூக்கு, தண்ணி குடு, இந்த ஆஸ்பத்திரி வேண்டாம், அந்த ஆஸ்பத்திரிக்குப் போ. ஆனால் என்ன செய்வதென்று முடிவெடுத்து, பிறகு அதற்குப் பதிலும் சொல்ல வேண்டியவர்கள் அந்த இருவர்தான்.

அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் நான். அவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வரும்போது நோயாளியைக் கேட்டு வாங்கிக்கொள்வது என் வேலை. அதற்குள் ரத்தக்கசிவுக்குக் கட்டுப் போட்டிருப்பார்கள், கழுத்துப் பட்டை மாட்டியிருப்பார்கள், சலைன் ஓடிக்கொண்டிருக்கும். இவை கண்ணுக்குத் தெரியும். யாரை முதலில் ஏற்றினார்கள், யாரைக் காத்திருக்கச் சொன்னார்கள், வீட்டாரிடம் எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பது தெரியாது. வைத்தியத்தைவிடக் கடினமானது அந்த வேலை.

தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பரில். அதற்கு முன் அடிபட்டவரைக் கிடைத்த ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டுவருவார்கள். முதுகெலும்பு முறிந்தவர் வந்து சேர்வதற்குள் கால் செயலிழந்திருக்கும். இன்று அந்த நிலை இல்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தால், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. வண்டி வந்துவிட்டது, பணத்துக்கும் வழி பிறந்துவிட்டது. முடிவெடுக்கும் பாரம் மட்டும் இறங்கவில்லை.

நான்கு வழிச் சாலையில் ஒரு வேன் கவிழ்ந்த நாள் நினைவிருக்கிறது. முதலில் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு 108. தொடை எலும்பு முறிந்த அம்மா ஒருவர் வலியில் அலறிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி இ.எம்.டி.யின் சட்டையைப் பிடித்து இழுத்து, “எங்க அக்காவ மொதல்ல ஏத்துடா” என்று கத்தினார். சற்றுத் தள்ளி, புளியமரத்தடியில் ஒரு பையன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. தண்ணீர் மட்டும் கேட்டானாம். கை சில்லிட்டு, நெற்றி முழுக்க வியர்வை. இ.எம்.டி. அந்த அம்மாவின் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டிவிட்டு, பின்னால் வரும் இன்னொரு வண்டிக்குத் தகவல் சொல்லிவிட்டு, பையனை ஏற்றினார். தம்பிக்காரர் கன்னத்தில் அறைந்துவிட்டார்.

“மேடம், பி.பி. 80, நாடி 140, வயிறு கல்லு மாதிரி இருக்கு” என்று இ.எம்.டி. பையனை என்னிடம் ஒப்படைத்தபோது கன்னம் சிவந்திருந்தது. பையன் நேரே ஆபரேஷன் தியேட்டருக்குப் போனான். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது, கத்தாதவரை முதலில் பார் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். வகுப்பில் ஒரு வரியில் எழுதிக்கொள்ளக்கூடிய பாடம்தான். அடி வாங்கிக்கொண்டு அதன்படி நடக்க வேறொரு பலம் வேண்டும். அந்தத் தம்பிக்காரர்மீதும் எனக்குக் கோபமில்லை. தன் அக்காவை மட்டுமே பார்க்க வேண்டிய இடத்தில் அவர் இருந்தார். எல்லோரையும் பார்க்க வேண்டிய இடத்தில் இவர் இருந்தார்.

வீடுகளில் நடப்பது இன்னொரு விதம். விடியற்காலையில் தாத்தா எழுந்திருக்கவில்லை என்று அழைப்பு வருகிறது. போய்ப் பார்த்தால் உடல் விறைத்திருக்கிறது. இறந்துவிட்டார் என்று அறிவிக்கும் அதிகாரம் டாக்டருக்குத்தான் உண்டு, இ.எம்.டி.க்கு இல்லை. இறந்தவரை 108-ல் ஏற்றக்கூடாது என்பதும் விதி. அதற்கு இலவச அமரர் ஊர்தி தனியாக இருக்கிறது. அறிவிக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது. “தம்பி, உசுரு இருக்குதானே?” என்று பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது என்ன சொல்வது? இருக்கிறது என்று சொல்லி, வீட்டாரின் மனம் ஆற மார்பை நாலு தடவை அழுத்திக் காட்டுபவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. இறந்தவர் உடலை வைத்துக் காட்டும் நாடகம் அது. அடுத்த தெருவில் மாரடைப்பில் துடிப்பவருக்குப் போக வேண்டிய வண்டியும் அங்கே நின்றுவிடுகிறது.

இதை நேர்மையாகக் கையாண்டவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்கள் பாட்டிக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். “நாடி இல்ல பாட்டி, மூச்சும் இல்ல. ரொம்ப நேரம் ஆயிடுச்சு. கட்டுப்பாட்டு அறை டாக்டர்கிட்ட பேசிட்டேன்” என்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்வார்கள். அமரர் ஊர்திக்கு எந்த எண்ணை அழைப்பது என்று வீட்டிலுள்ள பெரியவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் கோபம் கல்லெறியாக மாறாமல் அழுகையாக இறங்குகிறது.

எல்லாவற்றிலும் சிக்கலானது விஷம் குடித்தவரின் வீடு. “சாப்பாடு ஒத்துக்கல, வாந்தி எடுக்குறா, அப்படின்னே எழுதிக்குங்க சார்” என்று அப்பா கெஞ்சுவார். கல்யாணமாக வேண்டிய பெண், போலீஸ் வரும், ஊர் பேசும் என்ற பயம். பேஸ்ட்டாக வரும் எலி மருந்து சிலவற்றில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். முதலில் கொஞ்சம் வாந்தி, வயிற்று எரிச்சல். பிறகு எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தெரியும். இரண்டு மூன்று நாளில் கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். முறிவு மருந்து கிடையாது. எதைச் சாப்பிட்டார் என்பது முதல் மணி நேரத்தில் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். இரக்கப்பட்டு ‘வாந்தி’ என்று மட்டும் எழுதினால் அந்தப் பெண்ணைச் சாதாரண வார்டில் படுக்க வைத்துவிட்டு நாங்கள் வேறு நோயாளியைப் பார்க்கப் போய்விடுவோம். ஊர் வாயிலிருந்து அவளைக் காப்பாற்றப் போய் அவள் உயிரைக் கைநழுவ விட்டுவிடுவோம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இந்த ஒரு செய்தி அப்பாக்களுக்குத் தெரிந்திருந்தால் பாதிப் பொய்கள் குறையும். மனம் உடைந்திருப்பவர்கள் 104-ஐ அழைத்துப் பேசலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நல்ல இ.எம்.டி. என்ன செய்வார்? மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்பார். குப்பைக்கூடையில் கிடக்கும் காலி டியூபைக் கையோடு எடுத்து வருவார். என்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்வார். மற்ற யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதும் ஓயாத சண்டை. பக்கத்தில் இருப்பதே நல்லது என்று எப்போதும் சொல்ல முடியாது. தலையில் அடிபட்டவருக்கு சி.டி. ஸ்கேனும் அறுவை சிகிச்சையும் இருக்கும் இடம் வேண்டும். மூச்சுத் திணறுபவருக்கு முதலில் வரும் வாசலே போதும். வீட்டார் பெயர் பெற்ற மருத்துவமனையைக் கேட்பார்கள். நோயாளியைக் கொண்டுவந்தால் கமிஷன் என்று ஆசை காட்டும் ஆட்களும் உண்டு. இந்த இழுபறிக்கு நடுவில், நோயாளிக்கு எது தேவையோ அதை மட்டும் பார்ப்பவர் வீட்டாரிடமும் நல்ல பெயர் வாங்க மாட்டார், கமிஷன்காரரிடமும் வாங்க மாட்டார்.

அப்படி எல்லாவற்றையும் தாண்டி வந்தவரை மருத்துவமனை எப்படி வரவேற்கிறது? இதை என் சக டாக்டர்களைப் பார்த்தே சொல்கிறேன். இ.எம்.டி. விவரம் சொல்லும்போது தலை நிமிராமல் “அங்க போட்டுட்டுப் போங்க” என்று சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள். வழியில் வலிப்பு வந்ததா, எத்தனை நிமிடம் நினைவில்லாமல் இருந்தார், என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் அந்த ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் அந்த வரலாறும் போய்விடும். படுக்கை இல்லையென்று வண்டியின் ஸ்ட்ரெச்சரிலேயே நோயாளியைக் கிடத்தி வைத்தால் அந்த வண்டி அடுத்த அழைப்புக்குப் போக முடியாது. 2021 மே மாதத்தில், கொரோனா அலையின்போது, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு வெளியே ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றதை நாடே பார்த்தது. வண்டிக்குள் நோயாளியோடு அடைபட்டு, சிலிண்டரில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சமென்று முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்கள் இந்த இ.எம்.டி.க்கள்தான்.

சாலையில் நிற்பவருக்குப் பின்னால் ஒருவர் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு வரலாறு உண்டு. 1967-ல் அங்கே ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வேலை கிடைக்காத கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து, செயற்கை சுவாச முறைகளை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் பீட்டர் சஃபார் பயிற்சி கொடுத்தார். பின்னர் நான்சி கரோலைன் என்ற இளம் டாக்டர் பொறுப்பேற்று, அவர்களோடு வண்டியிலேயே போய்க் கற்றுக்கொடுத்தார். படிப்பில்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் அந்நாட்டின் அவசர சிகிச்சைக்கே முன்மாதிரியானார்கள். 1975-ல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. அந்த இளைஞர்களில் பலர் புதிய அமைப்பில் நிலைக்க முடியாமல் வெளியேறினார்கள். எழுந்து நின்றதற்கும் காரணம் இருந்தது, கலைந்துபோனதற்கும் காரணம் இருந்தது. இரண்டுமே அவர்களுக்கு மேலே இருந்தவர்கள் கையில் இருந்தன.

நம்மிடமும் கட்டுப்பாட்டு அறையில் டாக்டர்கள் தொலைபேசியில் இருக்கிறார்கள். 2021-ல் வந்த இணை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அவசர மருத்துவ உதவியாளரைத் தனித் தொழில்முறையாளராக ஏற்றிருக்கிறது. காகிதத்தில் இருப்பது வண்டிக்குள் வர வேண்டும். பன்னிரண்டு மணி நேரப் பணியை எட்டு மணி நேரமாக்க வேண்டும் என்று தொழிலாளர்கள் நெடுநாளாகக் கேட்கிறார்கள். அதைச் சம்பளப் பிரச்சினையாகப் பார்த்து ஒதுக்குவது தவறு. பதினோராவது மணி நேரத்தில் ஒருவரால் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக உண்மையைச் சொல்ல முடியாது. சொல்லாமல் கிளம்பிவிடவே தோன்றும். குழந்தை இறந்த ஒரு அழைப்பிலிருந்து திரும்பியவரை அடுத்த அழைப்புக்கு உடனே அனுப்பாமல் சற்று நேரம் விட வேண்டும், பேச ஒரு ஆள் வேண்டும். நெறிப்படி எடுத்த முடிவுக்காக அடி வாங்கினால் நிர்வாகமே முன்வந்து புகார் கொடுக்க வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அபராதத்துக்குப் பயந்தாவது ஒதுங்குங்கள். அடிபட்டவரைப் படமெடுக்காதீர்கள். அவர் யாரோ ஒருவரின் மகன். என்ன குடித்தார், எப்போது விழுந்தார் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். யாரை முதலில் ஏற்றுவது என்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

108 ஊழியர்களைக் கடவுள் என்று மேடையில் சொல்கிறோம். சாலையில் சட்டையைப் பிடிக்கிறோம். இரண்டும் வேண்டாம். அவர்கள் தொழில் கற்றவர்கள். தொழில் கற்றவருக்கு உரிய ஓய்வும், முடிவெடுக்கும் உரிமையும், முடிவுக்குப் பாதுகாப்பும் அவர்களுக்குக் கிடைக்கட்டும். நேர்மையாக நடந்துகொள்ள ஒரு தனி மனிதரின் மனத்திடத்தை மட்டும் நம்பியிருக்கும் சேவை, அந்த மனிதர் களைத்துப்போகும் நாளில் நம்மைக் கைவிட்டுவிடும். அவர்கள் களைத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது அரசுக்கும், மருத்துவமனைகளுக்கும், நமக்கும் உள்ள கடமை.