தையலும் பூவேலையும் ஒரே பொறியில்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, எம்மிடம் முன்னர் பயின்ற மாணவி ஒருத்தி தன் தாயாரையும் அழைத்துக்கொண்டு எமது வீட்டுக்கு வந்திருந்தாள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்தவர்கள். தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்துவிட்டு அண்மையில் வேலையிலிருந்து விலகியவர். ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. மகள் உயர்தரப் பரீட்சை எழுதியவள். ஊர்ப் பெண்கள் பலரைப் போலக் கட்டுநாயக்கத்து ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதா, அல்லது தோட்டத்திலேயே இருந்து தைத்துப் பிழைப்பதா என்ற யோசனையில் இருந்தாள். பையிலிருந்து மடித்த விளம்பரத் தாளொன்றை எடுத்து மேசைமேல் விரித்தாள். தையலையும் பூவேலையையும் ஒருங்கே செய்யும் மின்பொறியின் படம் அதிலிருந்தது.

“சேர், இதை வாங்கலாமா?” என்று கேட்டாள். தாயார் ஒன்றும் பேசவில்லை. எமது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியரிடம் தையற் பொறியைப் பற்றிக் கேட்பானேன் என்று நேயர்கள் நினைக்கலாம். எமது இல்லத்தில் இருபது ஆண்டுகளாகத் தையற் பொறி ஓடுகிறது. அதற்கு எண்ணெய் இடுவதும் முறிந்த ஊசியை மாற்றுவதும் எமது பொறுப்பு. எமக்குள்ள தகுதி அவ்வளவே. ஆகவே உடனே விடை கூறத் துணியாமல், அடுத்த சனிக்கிழமை அவர்களுடன் கடைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினோம்.

தையற் பொறி நம் நாட்டுக்குப் புதியதன்று. சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டிலேயே இலங்கையில் கடை திறந்துவிட்டது. பதுளைக்குப் புகையிரதம் வந்ததோ 1924இல்தான். பொருளை முதலில் எடுத்துச் சென்று விலையைச் சிறுகச் சிறுகக் கட்டும் தவணை முறையை அமெரிக்காவில் பரவச் செய்ததும் 1856இல் அந்நிறுவனமே. 1927 நவம்பரில் பதுளைக்கு வந்து பேசிய காந்தியடிகள், இயந்திரங்களை எளிதில் ஏற்றுக்கொள்ளாதவர் என்பதை யாவரும் அறிவர். ஆயினும் 1924இல் இராமச்சந்திரன் என்ற மாணவருடன் உரையாடியபோது தையற் பொறிக்கு மட்டும் அவர் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு மனம் பொறாத சிங்கர் அதனை ஆக்கினார் என்பது அவர் கூறிய காரணம். சிங்கரின் இல்லற வரலாற்றைப் படித்தவர்கள் இக்கதையைக் கேட்டுச் சற்றுப் புன்னகை செய்யக்கூடும்; அதை இக்குடும்பப் பக்கத்தில் விரித்துரைப்பது முறையன்று.

கடையில் முதலில் எமக்குக் காட்டப்பட்ட பொறி, பூவேலைப் பொறியே அன்று. அறுபது வகைத் தையல் போடும் என்றார்கள். அறுபதும் உண்மை, ஆனால் அவை யாவும் அலங்காரத் தையல்கள். அத்தகைய பொறியில் ஊசி இடமும் வலமும் ஆடும், கீழேயுள்ள பற்கள் துணியை முன்னும் பின்னும் தள்ளும். அதனால் ஓரத்தில் வரிசையாக இலையும் பூவும் போடலாமேயன்றி, சட்டைப் பையின் நடுவே ஒரு மயிலை நிறுத்த இயலாது. மெய்யான பூவேலைப் பொறியில் துணியை ஒரு சட்டத்தில் இறுகப் பூட்டி, பக்கத்திலுள்ள கையொன்றில் மாட்டுவார்கள். அந்தக் கை, கணினிக் கோப்பில் உள்ளபடி சட்டத்தை நாற்புறமும் நகர்த்தும்; ஊசி தன் இடத்திலிருந்தே குத்தும். ஜப்பானின் ஜனோம் நிறுவனம் 1990இல் இதனை வீட்டுப் பாவனைக்குக் கொண்டுவந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தை அறியாது, தையல் வகைகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்தவர்கள் பலர். “உங்கள் பொறியிற் சட்டம் உண்டா?” என்ற ஒரு கேள்வியே போதும்.

இரண்டாவதாக வந்த பொறிக்குச் சட்டம் இருந்தது. நீளமும் அகலமும் நூறு நூறு மில்லிமீற்றர். அதாவது நாலங்குலச் சதுரம். பாடசாலைச் சின்னத்துக்கும், கைக்குட்டைக்கும், குழந்தையின் கவுனுக்கும் இது தாராளம். ரவிக்கையின் முதுகுப்புறத்தை நிறைக்கும் வேலைக்கோ சற்றும் போதாது. துணியைக் கழற்றி, நகர்த்தி, மறுபடியும் பூட்ட வேண்டும். ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் கொடி முறிந்தாற் போலத் தெரியும். இக்காலத்து மணப்பெண்கள் கேட்கும் ஆரி வேலையின் மணியையும் சரிகை முடிச்சையும் இப்பொறி போடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கைபேசியிலுள்ள படத்தைக் காட்டினால் பொறி அப்படியே தைத்துவிடும் என்று மாணவி நம்பியிருந்தாள். அங்ஙனமன்று. ஊசி எங்கெங்கே இறங்கவேண்டும் என்பதைத் தனி மென்பொருளால் எழுதி, அந்தப் பொறிக்கு உரிய வடிவத்தில் கோப்பாக்க வேண்டும். பிரதர் பொறி ஏற்பது ஒரு வகை, ஜனோம் பொறி ஏற்பது வேறொரு வகை. ஆயத்தக் கோப்புகளை விலைக்கு வாங்கலாம். துணி சுருங்காதிருக்க அடியில் வைக்கும் தாங்குதாள், பளபளக்கும் ரேயன் அல்லது பொலியெஸ்டர் நூல், பொபினுக்கு மெல்லிய நூல் என்று செலவு தொடர்ந்துகொண்டே போகும்.

கடைக்காரரை ஒரு சின்னம் தைத்துக் காட்டும்படி வேண்டினோம். அவர் தைத்துக்கொண்டிருக்க, நாம் தாளில் கணக்கிட்டோம். பொறி நிமிடத்துக்கு 400 குத்துக் குத்தும். பத்தாயிரம் குத்துள்ள சின்னத்துக்கு இருபத்தைந்து நிமிடம். ஒற்றை ஊசியாதலின் ஒவ்வொரு நிறத்துக்கும் பொறி நிற்கும். நூலை மாற்றிக் கோக்கவேண்டும். ஆக, ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் அதே பொறியில் வேறு ஒரு தையலும் தைக்க முடியாது. இரண்டு தொழிலும் தெரிந்த வேலையாள் அது; ஆனால் ஒரு வேளைக்கு ஒரு தொழிலே பார்க்கும்.

“எந்த மாதத்தில் வேலை அதிகம் வரும்?” என்று மாணவியைக் கேட்டோம். “தீபாவளிக்கும், பிறகு பாடசாலை தொடங்கும் போதும்” என்றாள். 1993ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை வழங்கி வருகிறது. சில ஆண்டுகளில் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்ததும் உண்டு. துணி இலவசமாயினும் அதனைத் தைப்பவர் ஒருவர் வேண்டுமல்லவா? அவ்வேளையில் லயத்துக்கு லயம் துணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பொறி சட்டை தைக்கவேண்டிய அந்த வாரத்திலேயே அது சின்னமும் குத்தவேண்டி வரும். அவள் எமது தாளை வாங்கி, ஒரு கணம் பார்த்துவிட்டு, தானாகவே மடித்து வைத்தாள்.

இன்னொரு வகுத்தலையும் செய்தோம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. பொறியின் விலையை அதனால் வகுத்தபோது இருநூறு நாட்களுக்கு மேல் வந்தது. தாயார் அப்போதுதான் முதன்முறையாக வாய் திறந்தார்: “மழை நாள் சேர்க்காமலா, சேர்?”

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பூ பாதியில் இருக்கையில் மின்சாரம் நின்றால், விட்ட இடத்திலிருந்தே தொடரும் வசதி உண்டா என்று கேட்டறிதல் நலம். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பொறிகள் 120 வோல்ட்டுக்கு உரியவை; நமது 230 வோல்ட்டில் நேரே மாட்டினால் புகைதான் வரும். எமது அயல்வீட்டில் இப்படி ஒன்று முதல் நாளிலேயே கருகியது. இன்று அதன்மேல் ரேடியோ இருக்கிறது.

நாம் கூறிய ஆலோசனை இது: ஊசி இடவலம் ஆடும் சாதாரண மோட்டார்ப் பொறி ஒன்றை வாங்குக, பூவேலை ஆசையை இப்போதைக்கு விடுக. பற்களை மறைத்து, வட்டச் சட்டத்தில் துணியைப் பூட்டி, கையால் நகர்த்திப் பூப்போட நம் மூத்த தலைமுறைப் பெண்கள் பழைய பொறியிலேயே கற்றிருந்தார்கள் என்பதையும் எடுத்துரைத்தோம். நல்ல ஆலோசனை என்றே எண்ணியிருந்தோம்.

ஆனால் திரும்பும் வழியில், பஸ் நிலையத்தில் நின்றபோது மாணவி கேட்டாள்: “சேர், எங்கள் காம்பிராவில் பாட்டியின் கால்மிதி மெசின் இருக்கிறது. தோல் வார் அறுந்து கிடக்கிறது. அதைத் திருத்தினால் சட்டை தைக்க அது போதும், மின்சாரமும் வேண்டாம். பிறகு பூவேலைக்கு மட்டும் தனி மெசின் கிடைக்குமா?”

கிடைக்கும். தையலே தெரியாத, பூவேலைக்கு மட்டுமான பொறிகள் உண்டு. அவற்றுள் 200க்கு 280 மில்லிமீற்றர் சட்டமுடையனவும் இருக்கின்றன. ஒன்று சின்னம் குத்திக்கொண்டிருக்க, மற்றதில் அவள் காற்சட்டை தைக்கலாம். கடையில் ஒரு மணி நேரம் நின்று வகுத்தும் பெருக்கியும் பார்த்த எமக்கு இது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சேமலாப நிதிப் பணம் இன்னும் வங்கியில் இருக்கிறது. தோல் வாரும், ஒரு பெட்டி ஊசியும், எண்ணெய்ப் போத்தலும் வாங்கியாயிற்று. நேற்று வந்த செய்தி, அயல் லயத்திலிருந்து மூன்று வெள்ளைக் கவுன்கள் தைக்க வந்துள்ளன என்பது. கண்டியிலோ கொழும்பிலோ பூவேலைப் பொறியை ஓட்டிக் காட்டும் இடத்தை விசாரித்துச் சொல்வதாக நாம் வாக்களித்திருக்கிறோம், விடுமுறைக்குள் விசாரித்துவிடவேண்டும்.