நிலத்துக்கு முன்னாடி தண்ணீர் போகிறது!



தாம்பரம் பக்கம் விவசாயம் செத்துப்போச்சு என்று ஊரே பேசுகிறது. ஏதோ வயசாகிச் செத்த மாதிரிதான் பேச்சு. காலம் மாறிவிட்டது, பட்டணம் வளர்ந்துவிட்டது, இதை யார் தடுக்க முடியும் என்கிறார்கள். தடுக்க முடியுமா, முடியாதா என்பது அப்புறம். எப்படிச் செத்தது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். ஏனென்றால் அங்கே நடந்து முடிந்ததுதான் இன்று படப்பையிலும் மணிமங்கலத்திலும் மாம்பாக்கத்திலும் தையூரிலும் நம் வாசற்படியில் வந்து நிற்கிறது.

நம்ம செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். இங்கே காவிரி பாயவில்லை. வானம் பெய்கிற மழையை ஏரியில் கட்டி, மதகைத் திறந்து, சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகம் பார்த்த மண் இது. ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' என்று தனியாக ஒரு குழு இருந்ததை ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது. ஒரு ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கி, பள்ளிக்கரணைச் சதுப்பில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலைப் பார்க்கப் போகும். சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி அறுந்தால் கீழே இருக்கிற அத்தனை ஊருக்கும் கேடு.

இந்தச் சங்கிலி ஒரே நாளில் அறுந்துவிடவில்லை. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடியது. 1937-ல் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. அப்போதெல்லாம் ஏரிக்குக் கீழே நெல் விளைந்துகொண்டுதான் இருந்தது. 1984-ல் ஏற்றுமதி மண்டலம் வந்தது. நம் வீட்டுப் பெண்கள் பல பேர் அங்கே வேலைக்குப் போனார்கள். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அதன் பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுக கம்ப்யூட்டர் கம்பெனிகள், சிறுசேரியில் சிப்காட், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் வெளிவட்டச் சாலை. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் திறந்தது.

ரயில் வேண்டாம், கல்லூரி வேண்டாம், வேலை வேண்டாம் என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. நம் பிள்ளைகளும் படிக்கத்தான் வேணும், சம்பளம் வாங்கத்தான் வேணும். ஊர் மாறுவது தப்பில்லை. யாரைக் கேட்டு மாறுகிறது, யார் தலையில் கை வைத்து மாறுகிறது என்பதுதான் நம் கேள்வி.

எப்படிப் போச்சு தண்ணீர்?

மேல்மடையில் ஒருத்தர் கஷ்டம் தாங்காமல் அரை ஏக்கர் விற்கிறார். பெண்ணுக்குக் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, வட்டிக்கடன். அவர் மேல் குற்றம் சொல்ல நமக்கு மனசு வராது. வாங்கினவர் பயிர் வைக்க வாங்கவில்லை. லாரி லாரியாக மண் கொட்டி மூணு அடி உசத்துகிறார். அந்த மண்ணுக்கு அடியில் புதைந்தது அவர் வாங்கின நிலம் மட்டுமா? கீழே இருக்கிற பத்துப் பேருக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்காலும் சேர்ந்து புதைந்தது. மறு வருஷம் கீழ்மடைக்காரருக்கு நாற்று விடத் தண்ணீர் இல்லை. மழைக் காலத்தில் வடிய வழியில்லாமல் பயிர் அழுகுகிறது. ரெண்டு வருஷம் நட்டப்பட்டுப் பார்க்கிறார், மூணாவது வருஷம் தரிசாகப் போடுகிறார். அடங்கலில் 'தரிசு' என்று ஏறுகிறது. 'விளையாத நிலந்தானே' என்று சொல்வதற்கு ஒரு காகிதம் கிடைத்துவிட்டது. அடுத்த நாள் தரகர் வீட்டு வாசலில் நிற்கிறார்.

நாம் சென்ட் கணக்கில் விற்கிறோம். அவர்கள் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ரெண்டு கணக்குக்கும் நடுவில் இருக்கிற பணம் யார் மடிக்குப் போனது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் ஏரி மட்டும் மிச்சம். பாசனம் இல்லை, ஆயக்கட்டு இல்லை, அப்புறம் ஏரி எதுக்கு என்று கேட்கிறார்கள். குப்பை கொட்டுகிறார்கள், சாக்கடையைத் திருப்பி விடுகிறார்கள், கரையை உடைத்து ரோடு போடுகிறார்கள். வயல் கிணற்றில் ஊறுகிற தண்ணீரையோ டேங்கர் லாரி உறிஞ்சுகிறது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987-லேயே சென்னைப் பெருநகருக்கு ஒரு சட்டம் போட்டார்கள். 2019 கோடையில் சென்னையே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது லாரிகள் எந்தக் கிராமத்துக் கிணறுகளைத் தேடி வந்தன? நம்மளதைத்தான்.

ஆக, நிலம் கைமாறினதால் தண்ணீர் போகவில்லை. தண்ணீர் முதலில் போனது, அதனால் நிலம் கைமாறியது. இதை நாம் நெஞ்சில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு என்ன கிடைத்தது?

பட்டா இருந்தவருக்கு ஏதோ ஒரு தொகையாவது கைக்கு வந்தது. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுதவருக்கு என்ன கிடைத்தது? நாத்து நட்ட, களை எடுத்த, கதிர் அறுத்த பெண்களுக்கு என்ன கிடைத்தது? மேய்ச்சல் தரையை நம்பி ரெண்டு மாடு வைத்திருந்தவருக்கு? ஒன்றும் இல்லை. தாத்தா உழுத நிலத்தில் எழும்பின அடுக்குமாடிக்குப் பேரன் காவல் நிற்கிறான், மருமகள் பெருக்கித் துடைக்கிறாள். உழைப்பு எதுவும் கேவலமில்லை. ஆனால் அறுவடைக் கூலியாக வீட்டுக்கு வந்த நெல் மூட்டை போய், அரிசியும் காசு கொடுத்து வாங்குகிற நிலைமை வந்ததே, அதற்கு யார் பதில் சொல்வது?

தண்ணீர் மட்டும் பழைய வழியை மறக்கவில்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 490 மில்லி மீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு விட்டு ஜனங்களை மீட்டார்கள். அங்கே கடன் வாங்கி வீடு கட்டினவர்கள் நமக்கு விரோதி இல்லை. அவர்களும் ஏமாற்றப்பட்டவர்களே. வாய்க்காலை மறைத்து மனை விற்றவன் அவர்களுக்கும் சொல்லவில்லை, நமக்கும் சொல்லவில்லை.

சட்டம் யார் பக்கம்?

2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் நமக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. நிலத்தை எடுத்தால் ஊருக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆய்வு செய்ய வேண்டும். பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாவிட்டால்தான் தொடலாம். மூன்று வருஷமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரரும் கூலி ஆட்களும்கூடப் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். ஆனால் தமிழ்நாட்டில் 105-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, மாநிலத்தின் மூன்று நில எடுப்புச் சட்டங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருஷம் வேறொரு சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அந்த மூன்றில் ஒன்றான 1997-ம் வருஷத்துத் தொழில் நோக்கச் சட்டத்தை வைத்துத்தான் பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுக்க வந்தார்கள். 2022-லிருந்து ஏகனாபுரம் மக்கள் நடத்திய போராட்டத்தை நாடே பார்த்தது. 2023-ல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டமோ, பெரிய திட்டத்துக்குள் ஏரி குளம் சிக்கினால் அதற்கும் வழி செய்து கொடுக்கிறது.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோ மீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோ மீட்டராக விரித்தார்கள். தாம்பரத்துக்கு நேற்று வந்தது நமக்கு இன்று வருகிறது. அப்போது நம் முன்னோருக்கு முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை. நமக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் சும்மா இருந்தால் நம் பேரப்பிள்ளைகள் நம்மைத்தான் கேட்பார்கள்.

அரசிடம் நாம் கேட்பது இதுதான். பெருநகரத் திட்ட வரைபடத்தில் ஒவ்வொரு ஏரியும், அதன் வரத்துக்கால், பாசனக்கால், ஆயக்கட்டும் சர்வே எண்ணோடு குறிக்கப்பட வேண்டும். அதில் மனைக்கு அனுமதி கூடாது. 2007-ம் வருஷத்து ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்து ஏரியை அளந்தால் மட்டும் போதாது, வாய்க்காலையும் அளந்து கல் நட வேண்டும். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் இருக்கிறது; அதன்படி உழுகிறவர் பெயர் ஏற வேண்டும். 105-ஏ பிரிவையும் 2023 சட்டத்தையும் திரும்பப் பெற வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு போகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அடங்கலில் நம் பயிர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப் புலப்படத்தை வாங்கி, எந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று பெரியவர்களை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். விற்றே ஆக வேண்டிய கஷ்டம் வந்தால், ஆயக்கட்டுக்காரர்களிடம் முதலில் சொல்லுங்கள்; பத்திரத்தில் வாய்க்கால் பாத்தியதையை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மார்ச் 22 தண்ணீர் தினத்து கிராம சபையில் ஏரி, வாய்க்கால் பட்டியலைத் தீர்மானமாகப் போடுங்கள். ஊராட்சி நகரத்தோடு சேர்ந்துவிட்டால் அந்த கிராம சபையே நமக்கு இருக்காது. இருக்கும்போதே பேசுவோம்.

மேல்மடை, கீழ்மடை என்று பிரிந்து நின்றதால்தான் தாம்பரத்து ஏரிகள் போயின. நிலம் உள்ளவர், குத்தகைக்காரர், கூலிக்காரர் எல்லோரும் ஒரே கரையில் நிற்போம்!

ஏரியைக் காப்போம்! வாய்க்காலை மீட்போம்!
தண்ணீர் இருந்தால் நிலம் நம்முது!