மர ஹெட்போனில் தவில் கேட்டல்

பாட்டுக் கேட்கும் கருவிகளைப் பற்றி எழுதுவது எனது வழக்கமன்று. ஆயுளின் பெரும்பகுதியைச் செய்தித்தாள்களில் அரசியலும் அகதி வாழ்வும் எழுதிக் கழித்தவனுக்கு ஹெட்போனில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு அளவெட்டி வந்திருந்த மருமகன் பெரியதொரு பெட்டியைத் திறந்து, மரவளையம் பூட்டிய ஒரு ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்டினான். "மாமா, உங்கட ஊர்த் தவிலை இதிலை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்றான். திரும்பிப் போகும்போது அதை என்னிடமே விட்டுவிட்டும் போனான். ஒரு வருடமாகக் கேட்டு வருகிறேன். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று சொல்லப்போவதில்லை. இது விளம்பரமும் அல்ல, வசையும் அல்ல.

இவ்வகையை 'பிளேனர் மக்னெட்டிக்' என்கிறார்கள். வழக்கமான ஹெட்போனில் ஒரு சிறு கூம்புச் சவ்வும், அதன் பின்னால் ஒட்டிய கம்பிச்சுருளும் இருக்கும். சுருள் தள்ளும் இடம் முதலில் அசையும். மற்றப் பகுதிகள் அதைப் பின்தொடரும். பிளேனரில் கூம்பு இல்லை. மிக மெல்லிய தட்டையான படலம். அதன்மேல் மின்னோட்டம் செல்லும் தடம் வரிவரியாகப் பதிக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் காந்த வரிசை. மின்சாரம் பாய்ந்ததும் படலம் முழுவதும் ஒருசேர அசைகிறது. யமஹா நிறுவனம் 1976இலேயே இவ்வகையில் ஒன்றை விற்பனைக்கு விட்டது. பின்னர் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த இந்த நுட்பத்தை மீட்டெடுத்தவர்களுள் முக்கியமான ஒருவரின் பெயர் சங்கர் தியாகசமுத்திரம். பெயரைக் கேட்டதுமே நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 2008இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஒடிஸி நிறுவனத்தின் இணை நிறுவனர் அவர். மரவளையம் பூட்டிய அதன் எல்சிடி வரிசை ஹெட்போன்கள் உலகெங்கும் பெயர் பெற்றன. 2023இல் சோனியின் விளையாட்டுப் பிரிவு அந்நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தினால்தான் ஒலி இனிக்கிறது என்று இவற்றை வைத்திருப்பவர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பின்புறம் திறந்த ஹெட்போனில் மரவளையம் ஏறக்குறைய ஒரு சட்டகந்தான். ஒலியைத் தீர்மானிப்பவை படலமும் காந்தமும் காதுமெத்தையும். பின்புறம் மூடிய மரக்கிண்ணம் என்றால் பேச்சு வேறு. தவிலில் மரம் அலங்காரமல்ல. பலாமரத்தைக் குடைந்து செய்த அந்த உடல்தான் முழங்குகிறது. நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம். கும்பகோணத்துக்கு அருகே நரசிங்கன்பேட்டையில் அதைக் கடைபவர்கள் பழைய வீடுகளின் ஆச்சாத் தூண்களையும் உத்தரங்களையும் தேடி வாங்குவார்கள். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சரி, கேட்டது என்ன? யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைத்தான் முதலில் கேட்டேன். 1933இல் இணுவிலில் பிறந்து, அளவெட்டியோடு தன் வாழ்வைப் பிணைத்துக்கொண்டு, 1975இல் நாற்பத்திரண்டு வயதுகூட நிரம்பாமல் மறைந்த மேதை. அவருடைய வாசிப்பைச் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டால் ஒரே மழையாகத்தான் விழும். இந்த ஹெட்போனில் மழை துளிகளாகப் பிரிகிறது. வலந்தலையில் விரற்கூடுகள் விழும் 'டக்' என்ற வறண்ட ஒலி ஒருபுறம்; தொப்பியில் பூவரசங்கழி அடித்ததும் எழும் ஈரமான முழக்கம் மறுபுறம். ஒவ்வோர் அடியும் தொடங்கும் இடமும் ஓயும் இடமும் தெரிகின்றன. வேகம் ஏறும்போதும் ஒன்றோடொன்று குழம்பவில்லை. படலம் முழுவதும் ஒருசேர அசைவதன் பலன் தாள வாத்தியத்தில் தெரிவதுபோல் வேறெதிலும் தெரியாது என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. அரைக் கிலோவுக்கு மேல் பாரம். ஒரு மணி நேரத்தில் கழுத்து வலிக்கிறது. நம்மூர் வெக்கையில் தோல் மெத்தைக்குள் காது வியர்த்து ஊறுகிறது. கைத்தொலைபேசியில் நேரே பொருத்தினால் ஒலி சோம்பிப் போகிறது. தனியே ஓர் அம்பிளிபயர் வேண்டும். பின்புறம் திறந்தது என்பதால் முற்றத்துக் காகமும் உள்ளே வரும். நான் கேட்பது வீட்டாருக்கும் கேட்கும். கோவில் வீதியில் விடிய விடிய நின்று கேட்க வேண்டிய மங்கல வாத்தியத்தை ஒருவன் தனியே தலையில் மாட்டிக் கேட்பது முறையா என்றும் ஒரு கேள்வி வருகிறது. முறையல்லத்தான். ஆனால் தட்சிணாமூர்த்தியை இனி எந்த வீதியில் போய்க் கேட்பது?

இந்த ஹெட்போனைப் பற்றி எழுதத் தூண்டியது அதன் சிறப்பல்ல, அது காட்டிக்கொடுத்த ஒன்று. நம்மிடம் கைமாறி வரும் பதிவுகள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்பதை அது ஒளிக்காமல் சொல்கிறது. ஒரு பதிவில் நாதஸ்வரத்துக்கு முன்னால் மட்டும் ஒலிவாங்கி வைத்திருக்கிறார்கள். தவில் உச்சத்துக்கு ஏறும்போதெல்லாம் பிய்ந்து ஒலிக்கிறது. அது அன்றைய குறை, மன்னிக்கலாம். இன்னொன்றில் சுருதியே நழுவுகிறது: கசெட்டிலிருந்து கசெட்டுக்குப் பிரதி எடுத்தபோது வேகம் மாறியிருக்க வேண்டும். வேறொன்றில் இரைச்சலை நீக்குகிறேன் என்று யாரோ கணினியில் கைவைத்து, இரைச்சலோடு விரற்கூட்டின் கூர்மையையும் துடைத்தெறிந்துவிட்டார். பிறகு எம்பி3 ஆகச் சுருக்கி, யூடியூபில் ஏற்றி, அதை மீண்டும் இறக்கி... நகலின் நகலைத்தான் நாம் மேதையின் வாசிப்பு என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மூலநாடாக்கள் எங்கே? கொஞ்சம் வானொலிகளிடம், மிச்சம் வீடுகளில். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில் மக்கள் சுமந்தவை குழந்தைகளையும் அரிசியையும். கசெட் பெட்டிகளை அல்ல. அதற்கு முன்னரே வெளிநாடு போனவர்களின் பயணப்பெட்டிகளில் போன நாடாக்கள் தப்பியிருக்கக் கூடும். இந்தியத் திரைப்பட இயக்குநர் அம்ஷன் குமார் தட்சிணாமூர்த்தியைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றது. நல்லது. ஆனால் படம் வேறு, ஒலிக் காப்பகம் வேறு. 2003இல் மறைந்த எங்கள் ஊர் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனின் பதிவுகளுக்கும் இதே கதிதான் நேரும்.

டொரண்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் ஆயிரம் டொலருக்கு மேல் கொடுத்து ஹெட்போன் வாங்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். வாங்கட்டும், ரசனைக்குச் செலவழிப்பது குற்றமல்ல. ஆனால் அந்தப் பணத்துக்கு நல்ல நிலையிலுள்ள ஒரு பழைய கசெட் டெக்கும், ஒலியை எண்ணிமமாக்கும் ஒரு கருவியும் வாங்கலாம். ஊர்ச் சங்கங்கள் வருடாந்தக் கலைவிழாவில் இரவுச் சாப்பாட்டுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கு போதும். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனம் ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கிப் பாதுகாத்து வருகிறது. எடுத்த கோப்புகளை அவர்களுக்குக் கொடுத்து வைக்கலாம்.

எடுப்பவர்கள் சுருக்காத வடிவில், 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் எடுங்கள். இரைச்சல் இருந்தால் இருக்கட்டும். முதற்கோப்பில் எதையும் நீக்க வேண்டாம், துப்புரவு செய்ய விரும்பினால் பிரதியில் செய்யுங்கள். நாடாவின் உறையில் பேனாவால் எழுதியிருக்கும் கோவிலின் பெயரையும் திருவிழா நாளையும் படம் பிடித்துக் கோப்போடு சேர்த்து வையுங்கள். வாசித்தவர் யாரென்று தெரியாவிட்டால் ஊருக்கு அனுப்புங்கள். முதல் நாலு அடியைக் கேட்டதும் பெயர் சொல்லக்கூடிய கிழவர்கள் அளவெட்டியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.