உத்தேச மாப்பிள்ளைகள்

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே பையனை ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட ஆரம்பித்துவிடுகிறோம். ஆனால் வீட்டில் ஒரு பாட்டியாவது, ‘தாலி ஏறட்டும், அப்புறம் பேசிக்கலாம்’ என்று ஒரு கொக்கி போட்டு வைப்பார். நின்றுபோன கல்யாணங்களைப் பார்த்தவர் அவர்.

அந்தக் கொக்கிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது: ‘பிரிசம்ப்டிவ்’. தமிழில் ‘உத்தேச’ என்றோ ‘அனுமான’ என்றோ சொல்லலாம். அதன் அர்த்தத்துக்கு இரண்டு பாதி உண்டு. இப்போதைக்கு இப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம் என்பது முதல் பாதி. வேறு மாதிரி தெரியவந்தால் மாற்றிக்கொள்வோம் என்பது இரண்டாவது பாதி. அரசியல்வாதிகளும் மீடியாவும் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். என் புகார் அதுதான்.

இந்தச் சொல்லுக்கு ஓர் அக்கா உண்டு. ‘பிரிசம்ப்சுவஸ்’. நம் ஊரில் அதிகப்பிரசங்கித்தனம் என்போமே, அது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘நான் பிரிசம்ப்டிவாகப் பேசுவதாக நினைக்காதீர்கள்’ என்று அடக்கமாக ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சில் வருகிற இந்தக் குழப்பத்தை மன்னிக்கலாம். அரசியலில் உத்தேசம் அதிகப்பிரசங்கித்தனமாக மாறுவதைத்தான் மன்னிக்க முடியாது.

முதலில் இந்தச் சொல்லை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களைப் பார்ப்போம். பிரிட்டிஷ் அரச குடும்பத்தில் வாரிசுகள் இரண்டு வகை. ஒருவர் அசைக்க முடியாத வாரிசு. இன்னொருவர் உத்தேச வாரிசு, அதாவது வேறு ஒரு குழந்தை பிறந்தால் பின்னுக்குப் போய்விடக்கூடியவர். 1936 டிசம்பரில் அப்பா ராஜாவானபோது எலிசபெத்துக்கு வயது 10. அன்றிலிருந்து 1952 பிப்ரவரியில் ராணியாகும்வரை, பதினைந்து வருஷமும் அவர் உத்தேச வாரிசுதான். தம்பி ஒருவன் பிறந்திருந்தால் அன்றைய சட்டப்படி கிரீடம் அவனுக்கு.

அதைவிடச் சுவாரசியம் 1837. நாலாம் வில்லியம் இறந்துபோனார், விக்டோரியாவை ராணி என்று அறிவித்தார்கள். அந்தப் பிரகடனத்திலேயே, மறைந்த ராஜாவின் மனைவிக்கு இனிமேல் குழந்தை பிறந்தால் அந்தக் குழந்தையின் உரிமைக்குப் பாதகமில்லாமல் என்று ஒரு வாசகத்தையும் சேர்த்துவிட்டார்கள். விதவை ராணி ஒருவேளை கர்ப்பமாக இருந்தால்? அந்தச் சந்தேகத்தையும் ஊரறிய எழுதி வைத்தார்கள். ஜனநாயகம் பேசாத அரண்மனைக்கு இருந்த நாணயம் அது.

இப்போது ஜனநாயகத்துக்கு வருவோம். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சி மாநாட்டில் பிரதிநிதிகள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே மாநிலம் மாநிலமாக உட்கட்சித் தேர்தல் நடக்கும். ஒருவருக்குப் பாதிக்கு மேல் பிரதிநிதிகள் சேர்ந்துவிட்டால் அவர் உத்தேச வேட்பாளர்.

2016 ஜூன் 6-ம் தேதி இரவு. மறுநாள் கலிஃபோர்னியா உட்பட ஆறு மாநிலங்களில் ஜனநாயகக் கட்சியினர் ஓட்டுப்போட வேண்டும். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், ஹிலாரி கிளின்டனுக்குத் தேவையான 2,383 பேர் சேர்ந்தாயிற்று, அவர்தான் உத்தேச வேட்பாளர் என்று அறிவித்துவிட்டது. கணக்கு எங்கிருந்து வந்தது? ‘சூப்பர் டெலிகேட்’ எனப்படும் கட்சிப் பெருந்தலைகளிடம், ‘யாருக்குப் போடுவீர்கள்’ என்று கேட்டு, அந்த வாய்வார்த்தையையும் கூட்டி வந்த கணக்கு. அவர்கள் நிஜமாக ஓட்டுப்போடுவது ஜூலைக் கடைசியில் நடக்கும் மாநாட்டில்தான். நடுவில் மனசு மாறத் தடையில்லை. போட்டியாளர் பெர்னி சாண்டர்ஸ் தரப்பு இதைத்தான் சொல்லிக் கத்தியது.

கடைசியில் ஹிலாரிதான் ஜெயித்தார், கலிஃபோர்னியாவிலும் ஜெயித்தார் என்பீர்கள். உண்மை. ஆனால், மறுநாள் காலை வாக்குச்சாவடிக்குக் கிளம்ப வேண்டிய ஒரு தொழிலாளி அந்தச் செய்தியைப் பார்த்தால் என்ன நினைப்பான்? ‘அதான் முடிஞ்சுபோச்சே, எதுக்கு லீவு போட்டு க்யூவில நிக்கணும்?’ முடியவில்லை என்று சொல்வதற்காக இருக்கும் சொல், முடிந்துவிட்டது என்று சொல்லப் பயன்பட்டது. 2018-ல் அந்தக் கட்சியே விதியை மாற்றி, போட்டி இருக்கும்போது சூப்பர் டெலிகேட்டுகள் முதல் சுற்றில் ஓட்டுப்போட முடியாதபடி செய்தது.

2024-ல் அந்தச் சொல் பழிவாங்கியது. மார்ச் 12-ம் தேதி ஜோ பைடன் உத்தேச வேட்பாளரானார். அவரை மீறி யாரும் வர முடியாது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். ஜூலை 21-ம் தேதி அவரே விலகிக்கொண்டார். வேட்பாளரானவர் கமலா ஹாரிஸ். பாட்டி சொன்ன தாலிக் கதைதான்.

வாஷிங்டன் நமக்கெதற்கு என்கிறீர்களா? டெல்லிக்கு வாருங்கள். 2010 நவம்பரில் 2ஜி அலைக்கற்றை பற்றிய தணிக்கை அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. அரசுக்கு ஏற்பட்டதாக அதில் சொல்லப்பட்டது ‘உத்தேச இழப்பு’. அதற்கும் ஒரே தொகை கிடையாது. கணக்குப் போடும் முறையைப் பொறுத்து 57,666 கோடியிலிருந்து 1,76,645 கோடி வரை வெவ்வேறு தொகைகள் இருந்தன.

நமக்கு வந்து சேர்ந்தது எது? ‘1.76 லட்சம் கோடி ஊழல்’. இருப்பதிலேயே பெரிய தொகையை எடுத்துக்கொண்டார்கள். உத்தேசத்தைக் கழற்றினார்கள். இழப்பை ஊழலாக்கினார்கள். ஏலம் விட்டிருந்தால் இவ்வளவு வந்திருக்கலாம் என்ற கணக்கு, யாரோ மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோன பணமாக டீக்கடைவரை வந்துவிட்டது. பிறகு சி.பி.ஐ. தன் குற்றப்பத்திரிகையில் சொன்ன இழப்பே சுமார் 31 ஆயிரம் கோடிதான்.

உடனே ஒரு தரப்பு கைதட்ட வேண்டாம். எதிர்ப்பக்கமும் இதே சொல்லை வைத்து விளையாடியது. உத்தேசம்தானே, அப்படியென்றால் ஒன்றுமே இல்லை என்றார்கள். 2011 ஜனவரியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் இழப்பு பூஜ்யம் என்றார். ஒரு வருஷம் கழித்து, 2012 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றம் 122 லைசென்ஸ்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் ஆ.ராசா, கனிமொழி உட்படக் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. ஒதுக்கீடு தப்பா, யாராவது குற்றவாளியா, இழப்பு எவ்வளவு என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒரு சொல்லைக் கழற்றியதில் மூன்றும் கலந்து கூழாகிவிட்டன.

சொல்லின் மேல் தப்பில்லை. காசநோய் இருக்கலாம் என்று தோன்றுகிறவரை மருத்துவ உலகம் முன்பு ‘டி.பி. சஸ்பெக்ட்’ என்றது. சஸ்பெக்ட் என்றால் போலீஸ் தேடும் ஆள் மாதிரி. 2013-ல் உலக சுகாதார நிறுவனம் அதை மாற்றி ‘பிரிசம்ப்டிவ் டி.பி.’ ஆக்கியது. பரிசோதனை முடியும்வரை அவர் மேல் முத்திரை குத்தாதே என்று அர்த்தம். இதே சொல் அங்கே ஒரு மனிதனின் மரியாதையைக் காப்பாற்றுகிறது.

நம் சட்டமும் இதில் கறாராகத்தான் இருக்கிறது. 1872-ம் வருஷத்து சாட்சியச் சட்டத்திலேயே அனுமானத்துக்குப் படிகள் வைத்தார்கள். நீதிபதி அனுமானிக்கலாம் என்பது ஒன்று. அனுமானித்தே ஆக வேண்டும், ஆனால் எதிராளி பொய்யென்று நிரூபிக்கலாம் என்பது இன்னொன்று. இதற்குமேல் பேச்சில்லை, முடிவான சான்று என்பது மூன்றாவது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் மூன்றும் உண்டு. கோர்ட்டில் கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்குத் தாவ முடியாது. தலைப்புச் செய்தியில் தினமும் தாவுகிறார்கள்.

தாவுவதில் லாபம் இருக்கிறது. ‘இருக்கலாம்’ என்றால் பேப்பர் விற்காது, ஓட்டும் விழாது. ‘இருக்கிறது’ என்றால் இரண்டும் நடக்கும். ஆகவே அவர்களாகத் திருந்துவார்கள் என்று காத்திருப்பது வீண்.

வேலை உங்களுடையது. ‘உத்தேச’ என்று ஒரு செய்தி வந்தால், யார் உத்தேசித்தது, எதை வைத்து, என்ன நடந்தால் இது பொய்யாகும் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அது அனுமானமே இல்லை, பிரசாரம். அந்தச் சொல்லே இல்லாமல் பெரிய தொகையோ பெரிய பெயரோ வந்து விழுந்தால் இன்னும் உஷாராக இருங்கள். வழியில் எங்கேயோ யாரோ அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.