கிணற்று நீரைச் சோதிக்காமல் பேசப்படும் விழிப்புணர்வு

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தை ஒட்டிய மல்லேசுவரத்தில், காடு மல்லேசுவரர் கோயிலுக்கு எதிரே நந்தி தீர்த்தம் இருக்கிறது. விருஷபாவதி ஆற்றின் ஊற்றுக்கண்களுள் ஒன்றாக அதைச் சொல்வதுண்டு. ஸ்ரீராம்புரம் முதலான மேற்குப் பகுதிகளின் சாக்கடை வழியெங்கும் வந்து சேர, கெங்கேரியைக் கடக்கும்போது அந்த ஆறு கழிவுநீராகவே ஓடுகிறது. பிடதியை அடுத்த பைரமங்கலம் ஏரியில் தேங்கி, அர்க்காவதியில் கலந்து, கடைசியில் காவிரியைச் சேர்கிறது.

வேளாண்மையால் ஏற்படும் மாசு குறித்து விவசாயிகளுக்கு விழிப்புணர்வு இல்லை என்று கருத்தரங்குகள்தோறும் கூறப்படுகிறது. அந்தக் கூற்றைப் பைரமங்கலம் ஏரிக்கரையில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு காலத்தில் நெல் விளைந்த அந்தப் பாசனப் பரப்பில் இன்று மாட்டுத்தீவனப் புல்லும் மல்பெரியும் பேபி கார்னும் நிற்கின்றன. கறுத்த நீரையும் நுரையையும் நாற்றத்தையும் கண்டு, எந்தப் பயிர் அதைத் தாங்கும் என்று பட்டறிந்து, பயிரையே மாற்றிக்கொண்டவர்கள் அங்குள்ள விவசாயிகள். மாசு என்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர்களும் ஏனைய விவசாயிகளும் அறிய முடியாத மாசு ஒன்று உண்டு. யூரியாவாக வயலில் இடப்படும் நைட்ரஜனில் பாதிக்கு மேல் பயிருக்குச் சேருவதில்லை. எஞ்சியதில் ஒரு பகுதி ஆவியாகிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி நீரோடு கீழிறங்கிக் கிணற்றை அடைகிறது. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. மேலுரமிட்ட ஒரு வாரத்தில் இலை கரும்பச்சையாவது கண்ணுக்குத் தெரிகிறது. கிணற்றில் நடப்பது தெரிவதில்லை. லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயத்தின் வரம்பு. அதை மீறிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று தாய் நம்புவாள். கொதிக்கும்போது நீர் வற்றுமே ஒழிய நைட்ரேட் குறையாது. அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

இது எங்கோ நடக்கும் செய்தியன்று. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 ஆண்டறிக்கையின்படி, நாடெங்கும் எடுக்கப்பட்ட மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் நைட்ரேட் வரம்பை மீறியிருந்தது. இதில் முன்வரிசையில் நிற்பவை ராஜஸ்தான், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்கள். வாரியத்துக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, கிணற்றுக்குச் சொந்தக்காரருக்குத் தெரியுமா என்பதே கேள்வி.

2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் அதற்குப் பதில் தருவதாக இல்லை. அட்டையில் பன்னிரண்டு அளவுகள் இருக்கின்றன: தழை, மணி, சாம்பல் சத்துகளில் தொடங்கித் துத்தநாகம், போரான் வரை எல்லாமே மண்ணைப் பற்றியவை. பயிருக்கு இன்னும் எவ்வளவு உரம் வேண்டும் என்று அட்டை சொல்கிறது. ஏற்கெனவே இட்டதில் எவ்வளவு குடிநீரில் இறங்கியிருக்கிறது என்று சொல்வதில்லை. விலையோ அதிகம் இடும்படியே தூண்டுகிறது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1350 ரூபாய். 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியா மட்டும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. அரசே ஒன்றை மலிவாக்கி விற்றுவிட்டு, அதை அளவாக வாங்கும் பக்குவம் வாங்குபவரிடம் இல்லையென்று குறைபட்டுக்கொள்வது விந்தையான நிர்வாகம். 2015இல் கட்டாயமாக்கப்பட்ட வேப்பெண்ணெய்ப் பூச்சு நைட்ரஜன் விடுபடும் வேகத்தைத் தணிக்கும். மூட்டைகளின் எண்ணிக்கையை விலைதான் தீர்மானிக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் நைட்ரேட் நெறிமுறையைக் கொண்டுவந்தபோது உழவரின் மனமாற்றத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. நிலத்தடி நீரைத் தொடர்ந்து அளந்து, வரம்பு மீறிய பகுதிகளை வரையறுத்து, அங்கே ஹெக்டேருக்கு இடக்கூடிய கால்நடை எருவின் நைட்ரஜனை 170 கிலோவுக்குள் நிறுத்தியது. ஐரோப்பியப் பண்ணைக்கான எண்ணை அரை ஏக்கர் மல்பெரித் தோட்டத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் முதலில் அளந்தார்கள் என்ற வரிசைமுறை இங்கும் பொருந்தும்.

பைரமங்கலத்தில் அளவீட்டுக்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. கழிவுநீரிலேயே நைட்ரஜன் ஏராளம். அங்குள்ள ஒரு கிணற்றில் நைட்ரேட் மிகுந்திருந்தால், யூரியா மூட்டையிலிருந்து வந்தது எவ்வளவு, ஸ்ரீராம்புரத்துக் கழிப்பறைகளிலிருந்து வந்தது எவ்வளவு என்பதைப் பிரித்தறிய வேண்டும். நைட்ரஜன் ஐசோடோப்புச் சோதனை இதற்கு ஓரளவு உதவும். அதைச் செய்யாதவரை, நகரத்து ஆய்வாளர் வினாத்தாளோடு சென்று ‘உங்கள் உரத்தால் நீர் கெடுவது உங்களுக்குத் தெரியுமா?’ என்று கேட்டால், ‘உங்கள் சாக்கடை இங்கே வருவது உங்களுக்குத் தெரியுமா?’ என்று விவசாயி திருப்பிக் கேட்பது முற்றிலும் நியாயம்.

மண்வள அட்டையில் பதின்மூன்றாவதாக ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும்: பாசனக் கிணற்று நீரின் நைட்ரேட் அளவு, பருவமழைக்கு முன்னும் பின்னும். நீரிலேயே இவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது, ஆகவே யூரியாவில் இவ்வளவு குறைக்கலாம் என்று அந்த வரியிலிருந்தே கணக்கிட்டுத் தர முடியும். விவசாயிக்கு அது மூட்டைச் செலவில் மிச்சம். அதே கிணற்று நீரைக் குடிக்கும் வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை.